எண்ணும் வழியைத் தெரிந்தெடுப்போம்

சிக்கல் இல்லாத குடும்பம் இல்லை. மூத்த மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது? மகளுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தை ஏற்பதா, மறுப்பதா? தந்தை விட்டுச் சென்ற கடனை எவ்வாறு அடைப்பது? படுக்கையில் விழுந்துவிட்ட தாயை யார் பார்த்துக்கொள்வது? இவற்றுள் ஏதேனும் ஒன்று, அழையா விருந்தாளியாக, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் வந்து அமர்ந்திருக்கிறது.

நாம் சும்மா இருந்துவிடுவதில்லை, யோசிக்கிறோம். உண்ணும்போதும் யோசிக்கிறோம், உறக்கத்தை விட்டும் யோசிக்கிறோம். ஆயினும் பொழுது விடியும்போது, தொடங்கிய இடத்திலேயே நிற்பதைக் காண்கிறோம். செக்குமாடு நாள் முழுவதும் நடக்கிறது. ஆனால் மாலையில் பார்த்தால் அது ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருப்பதில்லை. நம்முடைய யோசனையும் பல வேளைகளில் இத்தகைய நடையாகவே முடிகிறது. கவலைப்படுவது வேறு, சிந்திப்பது வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தச்சரின் பட்டறைக்குச் சென்று பார்ப்போம். பலகையை அறுக்க அவர் ரம்பத்தை எடுக்கிறார். துளையிட உளியை எடுக்கிறார். வழவழப்பாக்க இழைப்புளியை எடுக்கிறார். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்த பின்னரே அவர் மரத்தின்மேல் கை வைக்கிறார். ஆனால் சிந்தனை என்னும் பட்டறையில் நாம் அவ்வாறு செய்வதில்லை. ஒருவர் எதற்கெடுத்தாலும் பணக் கணக்குப் போடுகிறார். இன்னொருவர் ஊரார் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிறார். மற்றொருவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திவைக்கிறார். வேறொருவர் குரலை உயர்த்துகிறார். பழகிய ஒரே கருவியை எல்லா வேலைக்கும் பயன்படுத்துகிறோம்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருவள்ளுவர் செயலைப் பற்றிப் பேசும்போது, தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து 4 அதிகாரங்களை அமைத்திருக்கிறார். செயலின் விளைவை எண்ணுவது ஒரு பார்வை. வலிமையை எண்ணுவது வேறொரு பார்வை. காலத்தையும் இடத்தையும் எண்ணுவது மேலும் இரு பார்வைகள். ஒரே செயலை நான்கு பக்கமும் நின்று பார்க்க வேண்டும் என்பதே இந்த வரிசை நமக்குத் தரும் பாடம்.

ஆகவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. சிக்கலுக்குள் இறங்குமுன் ஒரு கணம் நின்று, 'இதை எவ்வழியில் எண்ணுவது?' என்று நம்மையே கேட்டு, அவ்வழியை அறிந்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

மூன்று குடங்கள்

பழகிய வழி நம் கண்ணை எவ்வாறு மறைக்கிறது என்பதை எளிய சோதனை ஒன்றினால் காட்டினார் அமெரிக்க உளவியல் அறிஞர் ஆபிரகாம் லூச்சின்ஸ். 1942இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் பேசப்படுவது குடங்களும் தண்ணீருமே. அவர் தந்த எண்களை நம் ஊர்ப் படிக் கணக்கில் சொல்வோம்.

முதற்குடம் 21 படி கொள்ளும். இரண்டாவது 127 படி. மூன்றாவது 3 படி. இவற்றைக் கொண்டு சரியாக 100 படி தண்ணீர் அளக்க வேண்டும். சற்று எண்ணிப் பார்த்தால் வழி புலப்படும். பெரிய குடத்தை நிரப்பி, அதிலிருந்து முதற்குடம் நிறைய ஒரு முறையும், சிறிய குடம் நிறைய இரு முறையும் வெளியே எடுத்துவிட்டால், எஞ்சுவது 100. இதே வழியில் விடை வரும் கணக்குகள் சிலவற்றை லூச்சின்ஸ் தொடர்ந்து கொடுத்தார். எல்லாரும் விரைவாகப் போட்டார்கள்.

அதன் பிறகு கொடுத்த கணக்கில் குடங்கள் 23, 49, 3 படி. அளக்க வேண்டியது 20 படி. பழைய வழியிலும் விடை வரும். ஆனால் 23 படிக் குடத்திலிருந்து 3 படி எடுத்தாலே 20 கிடைத்துவிடுகிறதே! இந்தக் குறுக்கு வழி, முன்பு பயிற்சி பெற்றவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அவர்கள் சுற்று வழியிலேயே சென்றார்கள். முந்தைய கணக்குகளைப் போடாமல் நேரே வந்தவர்களோ எளிய வழியை உடனே கண்டார்கள். இன்னும் வியப்பு, 28, 76, 3 படிக் குடங்களால் 25 படி அளக்கச் சொன்னபோது நேர்ந்தது. இங்கே பழைய வழி உதவாது. 28இலிருந்து 3ஐக் கழித்தால் போதும். சிறு பிள்ளையும் செய்யக்கூடிய இக்கணக்கில், பழைய வழிக்கு அடிமையாகிவிட்ட பலர் விடை காண இயலாமல் திகைத்தார்கள்.

லூச்சின்ஸ் இன்னொன்றும் செய்தார். சிலரிடம், இடையிலே நிறுத்தி, கண்மூடித்தனமாய்ச் செய்யாதே என்னும் பொருள்படும் ஒரு சிறு எச்சரிக்கையைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். அவர்களுள் பலர் விழித்துக்கொண்டு எளிய வழியைக் கண்டார்கள். அவர் புதிய அறிவு எதையும் ஊட்டவில்லை, ஒரு கணம் நிற்கச் செய்தார், அவ்வளவே. நிற்கத் தெரிந்த மனம் தெரிந்தெடுக்கவும் தெரிந்துகொள்கிறது.

நோய்ப்படுக்கையில் ஒரு கண்டுபிடிப்பு

உளவியல் என்னும் துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தம் எண்ணங்களைத் தாமே நின்று பார்த்த ஒருவர் நம் திருச்சபையில் வாழ்ந்தார். அவரே இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்.

1521 மே 20 அன்று, ஸ்பெயின் நாட்டின் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை நொறுக்கியது. லொயோலாவிலுள்ள தம் வீட்டில் பல மாதங்கள் அவர் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்குவதற்கு வீரர்களின் காதல் கதைகளைக் கேட்டார். அவை வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்வு பற்றிய நூலும், புனிதர்களின் வரலாற்று நூலுமே கிடைத்தன. அவற்றைப் படித்தபின் அவர் உள்ளத்தில் இருவகைக் கனவுகள் மாறிமாறி வந்தன. ஒரு நேரம், உயர்குலப் பெண்மணி ஒருவரின் பொருட்டுத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை எண்ணி மகிழ்வார். வேறொரு நேரம், பிரான்சிஸ் அசிசியாரும் சாமிநாதரும் செய்தவற்றைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணி மகிழ்வார்.

எண்ணும் வேளையில் இரண்டுமே இனித்தன. ஆனால் எண்ணி முடித்தபின்? முதலாவது கனவு உள்ளத்தை வறண்டதாக விட்டுச் சென்றது; இரண்டாவது கனவோ, மறைந்த பின்னும் அமைதியையும் மகிழ்ச்சியையும் விட்டுச் சென்றது. இந்த வேறுபாட்டை ஒரு நாள் அவர் கவனித்தார். எண்ணத்தின் இனிமையை மட்டும் பாராமல், அது விட்டுச்செல்லும் சுவட்டையும் பார்க்க வேண்டும் என்று உணர்ந்தார். அக்கவனிப்பே அவருடைய மனமாற்றத்தின் தொடக்கம்.

இந்த அனுபவத்தை அவர் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவருடைய ஆன்மப் பயிற்சிகள் என்னும் நூலில், நல்ல தேர்வு செய்வதற்கான நெறிகளை வகுத்துத் தந்தார். அவற்றுள் மூன்றினை எல்லாக் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நலம். முதலாவது, தராசின் முள் நடுவே நிற்பதுபோல், எப்பக்கமும் சாயாத உள்ளத்தோடு தொடங்க வேண்டும். இரண்டாவது, ஒன்றைச் செய்வதால் வரும் நன்மை தீமைகளையும், செய்யாமல் விடுவதால் வரும் நன்மை தீமைகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, உள்ளம் சோர்ந்தும் கலங்கியும் இருக்கும் வேளையில், முன்பு தெளிவான நிலையில் எடுத்த முடிவை மாற்றலாகாது.

நிறுத்துப் பார்த்தும் தெளிவு பிறக்கவில்லையென்றால், வேறு கருவிகளையும் அவர் தருகிறார். நாம் ஒருபோதும் கண்டிராத ஒருவர் இதே சிக்கலோடு நம்மிடம் வந்தால் அவருக்கு என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். நம் மரண வேளையில், இன்று எதைச் செய்திருந்தால் நன்று என்று தோன்றும் என எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். தன் வீட்டுச் சிக்கலில் தடுமாறுபவர், அடுத்த வீட்டுச் சிக்கலுக்கு எவ்வளவு தெளிவாக வழி சொல்கிறார்! அந்தத் தெளிவை நம் வீட்டுக்குள் கொண்டுவரும் வாயில் இது.

உரோமையில் ஓர் இளவேனிற்காலம்

இந்நெறிகள் தனி மனிதருக்கு மட்டுமல்ல, பலர் கூடி முடிவெடுக்கும் குடும்பத்துக்கும் உதவும் என்பதை 1539ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது.

அப்போது இஞ்ஞாசியாரும் அவர்தம் தோழர்களும் உரோமையில் இருந்தார்கள். நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்து மறைப்பணி புரிந்த புனித சவேரியாரும் அவர்களுள் ஒருவர். எருசலேமுக்குச் செல்லும் எண்ணம் கைகூடாமற்போகவே, அவர்கள் தங்களைத் திருத்தந்தையிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் அவர்களை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். பிரிந்து செல்லும் நிலையிலும் ஒரே உடலாக இணைந்திருப்பதா என்பது முதற்கேள்வி. இறைவன் சேர்த்ததைத் தாங்கள் கலைக்கலாகாது என்று அதற்கு அவர்கள் எளிதில் விடை கண்டார்கள். அடுத்த கேள்விதான் கடினமானது: தங்களுள் ஒருவரைத் தலைவராக்கி அவருக்குக் கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுப்பதா, வேண்டாவா?

பல நாள்கள் செபித்தும் பேசியும் தெளிவு பிறக்கவில்லை. இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. அவர்கள் அதே வாதத்தை இன்னும் உரத்த குரலில் தொடரவில்லை. வாதத்தை நிறுத்திவிட்டு, எவ்வழியில் எண்ணுவது என்பதை எண்ணினார்கள். எல்லாரும் தனிமையான ஓரிடத்துக்குச் சென்று 30 அல்லது 40 நாள்கள் தவமிருக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். அவ்வாறு சென்றால் உரோமையில் வீண்பேச்சு எழும், தொடங்கிய பணிகளும் குன்றும் என்று கண்டு அதை விடுத்தார்கள். பகலில் வழக்கமான பணி, இரவில் கூட்டம் என்று முடிவு செய்தார்கள்.

பின்னர் மூன்று ஒழுங்குகளை வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் செபத்திலும் திருப்பலியிலும், கட்டளையிடுவதைவிடக் கீழ்ப்படிவதை விரும்பும் மனநிலையை இறைவனிடம் கேட்க வேண்டும். இக்காரியம் பற்றி ஒருவரோடு ஒருவர் தனியே பேசலாகாது. ஒருவருடைய சொல்லால் மற்றவர் இழுபடாமல், அவரவர் செபத்தில் கண்டதையே கொண்டுவர வேண்டும். ஒவ்வொருவரும் தம்மை இக்குழுவைச் சேராத அயலார்போல் எண்ணிக்கொண்டு, தந்நலக் கலப்பின்றிக் கருத்துச் சொல்ல வேண்டும்.

கூடியபோது அவர்கள் கையாண்ட முறை இன்னும் சிறந்தது. கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல ஒரு நாள். ஆதரவான காரணங்களை மட்டும் சொல்ல மறுநாள். இதனால் 'நீ அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி' என்னும் பிளவுக்கு இடமே இல்லாமற்போயிற்று. எதிர்ப்பவரும் ஆதரவான காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. ஆதரிப்பவரும் எதிரான காரணத்தை நேர்மையோடு சொல்ல வேண்டியிருந்தது. இறுதியில் எல்லாரும் ஒருமனப்பட்டுக் கீழ்ப்படிதலைத் தெரிந்துகொண்டார்கள். தவக்காலத்தின் நடுவில் தொடங்கிய இவ்வாலோசனைகள் அனைத்தும் ஜூன் 24, புனித அருளப்பர் திருநாள் அளவில் நிறைவுற்றன. 1540 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தார்.

பொறுமையாக எடுத்த முடிவு பிறகு எவ்வளவு விரைவைத் தந்தது என்பதையும் காண்க. 1540 மார்ச்சில், இந்தியாவுக்குச் செல்லவிருந்த தோழர் பொபதில்யா நோயுற்றார். அவருக்குப் பதிலாகச் செல்லும்படி சவேரியார் கேட்கப்பட்டபோது, அவர் தயங்காமல் உடனே புறப்பட்டார். முந்திய ஆண்டின் நிதானமே இந்த விரைவுக்கு அடித்தளம் அமைத்தது.

எந்தச் சிக்கலுக்கு எந்த வழி?

இப்போது நம் பட்டறைக்குத் திரும்புவோம். கருவிகள் பல, எந்தச் சிக்கலுக்கு எதை எடுப்பது?

இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய சிக்கலானால் தாளும் எழுதுகோலும் சிறந்த துணை. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், தமக்கு வந்த ஒரு பணியை ஏற்பதா என்று பெஞ்சமின் பிராங்கிளினிடம் ஆலோசனை கேட்டார். எல்லா நிலைமைகளும் தமக்குத் தெரியாமையால் எதைத் தெரிந்தெடுப்பது என்று சொல்ல இயலாதென்றும், எவ்வாறு தெரிந்தெடுப்பது என்று மட்டும் சொல்வதாகவும் பிராங்கிளின் விடை எழுதினார். தாளின் நடுவே கோடிட்டு, ஒரு பக்கம் சார்பான காரணங்களையும் மறுபக்கம் எதிரான காரணங்களையும் மூன்று நான்கு நாள்கள் தோன்றத் தோன்ற எழுதுக, பின்னர் இருபக்கமும் சம எடையுள்ளவற்றை அடித்துவிடுக, எஞ்சுவது வழிகாட்டும். இதுவே அவர் சொன்ன முறையின் சாரம். எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் நம் மனத்தில் நிற்பதில்லை. ஒன்று வரும்போது மற்றொன்று மறைகிறது. அதனால்தான் காலையில் ஒரு முடிவும் மாலையில் வேறொரு முடிவும் எடுக்கிறோம். தாளில் எழுதியவை ஓடிப்போவதில்லை.

சிக்கல் மலைபோல் தோன்றினால் பிரித்துப் பார்ப்பதே வழி. மோசே காலைமுதல் மாலைவரை தனியே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்துப்போனார். அவர் மாமனார் இத்திரோ அதைக் கண்டு, ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தி, கடினமான வழக்கை மட்டும் தம்மிடம் கொண்டுவரச் செய்யுமாறு அறிவுரை கூறினார். விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. மலையைப் பெயர்க்க இயலாது. கல்லைப் பெயர்க்க இயலும்.

ஒரே சண்டை திரும்பத் திரும்ப வந்தால், விடையை விட்டுவிட்டுக் கேள்வியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தைக்கு உரிமை கொண்டாடி இரு பெண்கள் சாலமோன் முன் நின்றார்கள். சாட்சி எவருமில்லை. 'யார் சொல்வது உண்மை?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வழக்கு முடிந்திராது. குழந்தையை இரு கூறாக்க வாளைக் கொணரச் சொன்னதன்மூலம், 'குழந்தை வாழ்வதற்காக அதை விட்டுக்கொடுக்கவும் துணிபவள் யார்?' என்று அவர் கேள்வியை மாற்றினார். தாய் தானே வெளிப்பட்டாள்.

எல்லாரும் மிக எளிதில் ஒத்துப்போய்விட்டால் அங்கே எதிர்வழக்குத் தேவை. புனிதர் பட்டம் வழங்குமுன், அதற்கு எதிரான காரணங்களை எடுத்துரைப்பதற்கென்றே ஓர் அலுவலரை 1587இல் திருச்சபை ஏற்படுத்தியது. மக்கள் அவரைப் 'பேயின் வழக்கறிஞர்' என்று வேடிக்கையாக அழைத்தார்கள். 1983இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்நடைமுறையைச் சீர்திருத்தும்வரை அது பழைய வடிவில் நீடித்தது. புனிதரென்று ஊரே போற்றியவரைப் பற்றியும் மறுப்புரை கேட்கத் திருச்சபை தயங்கவில்லை. அப்படியிருக்க, தரகர் புகழ்ந்த மாப்பிள்ளையைப் பற்றியும், நண்பர் சொன்ன முதலீட்டைப் பற்றியும் மறுப்புரை கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஒரு குடும்பத்தில்

இவையனைத்தும் வாழ்க்கைக்கு எவ்வாறு பொருந்தும்? ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பக்கவாதத்தால் தாய் படுக்கையில் இருக்கிறார். மூத்த மகன் நகரத்தில் வேலை பார்க்கிறார். இளையவர் ஊரிலேயே ஆசிரியர். மகள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். பழைய வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு. கூடும்போதெல்லாம், 'அம்மாவை யார் வைத்துக்கொள்வது?' என்று சண்டை எழுகிறது. 'அண்ணனுக்கென்ன, பணத்தை அனுப்பிவிட்டால் தீர்ந்ததா?' என்கிறார் இளையவர். 'ஊரிலேயே இருக்கிற உனக்கு என்ன கஷ்டம்?' என்கிறார் மூத்தவர். தங்கை கண்ணீரோடு எழுந்து போகிறார்.

முதலில் மாற்ற வேண்டியது கேள்வியை. 'யார் வைத்துக்கொள்வது?' என்னும் கேள்வியில் தாய் ஒரு சுமையாகிவிடுகிறார். யார் தோளில் ஏற்றுவது என்பதே வழக்காகிவிடுகிறது. 'அம்மாவுக்கு ஒரு நாளில் என்னென்ன வேண்டும்?' என்று கேட்டால் தாய் மீண்டும் தாயாகிறார்.

அடுத்து, பிரிக்க வேண்டும். காலையில் குளிப்பாட்டுதல், வேளைக்கு மருந்து, உணவு, கைகால் பயிற்சி, இரவுத் துணை, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், செலவு, ஞாயிறன்று நற்கருணை கொண்டுவரப் பங்குத்தந்தையை வேண்டுதல் என்று எழுதினால், மலை எட்டுக் கற்களாகிறது. சிலவற்றை இளையவரும் அவர் மனைவியும் செய்ய இயலும். சிலவற்றை மகள் செய்ய இயலும். செலவையும் விடுமுறை நாள்களின் இரவுத் துணையையும் மூத்தவர் ஏற்க இயலும். எவரும் செய்ய இயலாததற்கு மட்டும் வெளியே உதவி தேடினால் போதும்.

எஞ்சும் கேள்வி, மருத்துவச் செலவுக்காக நிலத்தை விற்பதா என்பது. விற்ற நிலம் திரும்பி வருவதில்லை; போன உயிரும் திரும்பி வருவதில்லை. ஆகவே இது தராசுக்குரிய கேள்வி. விற்க விரும்பும் மூத்தவரே முதல் நாள் விற்பதற்கு எதிரான காரணங்களைச் சொல்லட்டும். வேண்டாமென்னும் இளையவரே மறுநாள் ஆதரவான காரணங்களைச் சொல்லட்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவிலோ, சண்டை நடந்த நாளிலோ முடிவெடுக்க வேண்டாம்.

இன்னும் ஒருவரைக் கேட்க வேண்டும் அன்றோ? இத்தனை பேச்சிலும் எவரும் தாயைக் கேட்கவில்லை. நாக்குத் தடுமாறலாம், அறிவு தடுமாறவில்லையே. உரோமையில் கூடிய தோழர்களுள் ஒருவர் குரலும் விடுபடவில்லை. யாருடைய வாழ்வைப் பற்றி முடிவெடுக்கிறோமோ, அவர் குரல் இல்லாத தராசு பொய்த் தராசு.

செபம் போதாதா?

'இறைவனிடம் ஒப்படைத்துவிட்டால் போதுமே, இத்தனை ஆராய்ச்சி நம்பிக்கைக் குறைவல்லவா?' என்று சிலர் கேட்கக்கூடும். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை நம் ஆண்டவரே உவமையாகச் சொல்லியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் அதைக் காண்கிறோம். அறிவும் இறைவன் தந்த கொடையே. கொடையைப் பயன்படுத்தாமல் புதைத்து வைப்பது பக்தியாகாது. இஞ்ஞாசியாரும் செபத்தை விட்டுவிட்டு நிறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. செபத்தோடு தொடங்கி, அறிவைப் பயன்படுத்தி, கண்ட முடிவை மீண்டும் இறைவன் திருமுன் வைத்து அவர் ஏற்றுக்கொள்ளுமாறு மன்றாடுவதே அவர் காட்டும் ஒழுங்கு.

வேறொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த வழியும் தவறே நேராதென்று உறுதி தருவதில்லை. தீர்க்க இயலாமல் தாங்க வேண்டிய சிக்கல்களும் உண்டு. ஆறாத நோயும், இழந்த பிள்ளையின் நினைவும் கணக்குகள் அல்ல, அவை சிலுவைகள். இது தீர்க்க வேண்டியதா, தாங்க வேண்டியதா என்று பிரித்தறிவதும் எண்ணும் வழியைத் தெரிந்தெடுப்பதன் ஒரு பகுதியே. ஆனால் தீர்க்கக்கூடியதைச் சிலுவை என்று பெயரிட்டுச் சுமப்பது பொறுமையாகாது, அது சோம்பல்.

பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கிறார்கள். பெற்றோர் கூச்சலிட்டு முடிவெடுத்தால் அவர்கள் கூச்சலைக் கற்கிறார்கள். பெற்றோர் நின்று, எழுதி, கேட்டு, செபித்து முடிவெடுத்தால் அதைக் கற்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையையும் ஒரு நாள் எதிர்வழக்குப் பேச விடலாம். பெரியவர் கண்ணுக்குத் தெரியாத எளிய வழி, குடங்களின் கணக்கைப் புதிதாகப் பார்ப்பவர்போல் அப்பிள்ளைக்குத் தெரியக்கூடும்.

ஆகவே, மாலையில் செபமாலை சொல்லி முடித்தபின், வீட்டுச் சிக்கல் ஒன்றைப் பேச எடுக்கும்போது, 'என்ன செய்யலாம்?' என்று உடனே தொடங்க வேண்டாம். 'இதை எப்படி எண்ணலாம்?' என்று குடும்பத் தலைவரோ தலைவியோ முதலில் கேட்கட்டும். எழுதிப் பார்ப்பதா, பிரித்துப் பார்ப்பதா, கேள்வியை மாற்றுவதா, எதிர்வழக்குக் கேட்பதா, அல்லது இன்று மனம் கலங்கியிருப்பதால் ஒரு வாரம் பொறுத்திருப்பதா என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்காமையால் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தையின்றிப் பிரிந்து வாழும் உடன்பிறப்புகள் நம் பங்குகளில் எத்தனை பேர்! தூய ஆவியார் வழங்கும் கொடைகளுள் ஆலோசனையும் ஒன்று என்று திருமுழுக்குப் பெற்ற நாமெல்லாம் நம்புகிறோம். அக்கொடைக்காக மன்றாடுவோம், அதைப் பயன்படுத்தவும் பழகுவோம்.